போருக்கு முந்தைய சொகுசுக் காரின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி? புகாட்டி ராயல் ஆறையும் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்யப்பட்ட ஒரு சொகுசுக் காரின் விலையைத் தீர்மானிப்பதில் இன்ஜினைவிட அதன் காகிதங்களுக்குப் பங்கு அதிகம். நிலம் வாங்குபவர் தாய்ப்பத்திரம் கேட்பார், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். பழைய காருக்கும் அதுவே வழி. ஆனால் காருக்குச் சார்பதிவாளர் அலுவலகம் கிடையாது. நான்கைந்து நாடுகளில் சிதறிக்கிடக்கும் தாள்களைத் தேடி எடுத்து, அந்த வில்லங்கச் சான்றிதழை நாமே எழுதியாக வேண்டும். அதை எப்படி எழுதுவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

பாடத்துக்கு புகாட்டி டைப் 41 ‘ராயல்’ காரை எடுத்துக்கொள்கிறேன். பிரான்ஸின் அல்சேஸ் பகுதியில், மோல்ஷெய்ம் என்ற சிற்றூரில் இருந்த தன் தொழிற்சாலையில் எட்டோர் புகாட்டி மன்னர்களுக்கென்றே திட்டமிட்ட கார் இது. வரிசையாக எட்டு சிலிண்டர்கள், 12.7 லிட்டர் கொள்ளளவு, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 4.3 மீட்டர், எடை 3 டன்னுக்கு மேல். ரேடியேட்டர் மூடியின்மேல் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் ஒரு யானை. எட்டோரின் தம்பியும் சிற்பியுமான ரெம்ப்ராண்ட் புகாட்டி செய்த சிலையின் வடிவம் அது. 25 கார்கள் செய்வதாக இருந்தார்கள். பொருளாதாரப் பெருமந்தம் குறுக்கே வந்தது. வெளியாருக்கு விற்றவை மூன்றே மூன்று. மன்னர் ஒருவர்கூட வாங்கவில்லை. வாங்கியவர்கள் ஒரு ஆயத்த ஆடை உற்பத்தியாளர், ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு இங்கிலாந்து கேப்டன்.

இன்று ஆறு ராயல்கள் இருக்கின்றன. பூர்வீகம் தேடுவதில் வரக்கூடிய சிக்கல் எதுவாக இருந்தாலும், அது இந்த ஆறில் ஏதாவது ஒன்றில் ஏற்கெனவே வந்திருக்கிறது.

படி 1: காரை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் சேசிஸ் (காரின் அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் என்று மூன்று பத்திகள் போடுங்கள். உரிமையாளர் பெயர்களுக்கு நான்காவது பத்தி. இந்தக் காலத்து உயர்தரக் கார்களைத் தொழிற்சாலை பெரும்பாலும் சேசிஸாகத்தான் விற்றது. வாங்கியவர் அதைத் தனக்குப் பிடித்த பட்டறைக்கு அனுப்பிப் பாடி கட்டிக்கொண்டார். பிறகு ரசனை மாறினால், அல்லது கார் வேறு கைக்குப் போனால், பழைய பாடியைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று கட்டுவதும் சகஜம். ஆகவே ‘கார்’ என்று ஒரே பொருளாக எண்ணிக்கொண்டு தேடத் தொடங்கினால் இரண்டாவது வாரத்திலேயே குழம்பிவிடும்.

41111 என்ற எண்ணுள்ள ராயலைப் பாருங்கள். 1932இல் இதை வாங்கியவர் அர்மான் எஸ்டெர்ஸ், பிரான்ஸின் ஆயத்த ஆடைத் தொழிலதிபர். எட்டோரின் மகன் ழான் புகாட்டி இதற்கு இருவர் மட்டும் அமரும் திறந்த பாடி ஒன்றை வரைந்தார். இரவில் கார் ஓட்டுவதில்லை என்று எஸ்டெர்ஸ் சொன்னதால் முகப்பு விளக்கே வைக்கவில்லை. ஆறு மீட்டருக்கும் அதிக நீளமுள்ள காரில் இரண்டே இருக்கை, விளக்கு இல்லை. பார்த்தவர்கள் மறந்திருக்க முடியாது. பின்னர் கார் அரசியல்வாதி ரேமோன் பாத்னோத்ர் கைக்குப் போனது. பாரிஸின் பின்டர் பட்டறையில் ஓட்டுநர் முன்னால் தனியே அமரும் மூடிய பாடி புதிதாக ஏறியது. ழான் வரைந்த பாடி காணாமல் போயிற்று. இன்று ‘எஸ்டெர்ஸ் கார்’ என்று பிரான்ஸின் மியுலூஸ் நகர அருங்காட்சியகத்தில் பார்ப்பது, அசல் பாகங்கள் சிலவற்றையும் சேர்த்து 1990 வாக்கில் செய்து முடித்த மறு உருவாக்கம். எஸ்டெர்ஸ் வாங்கிய சேசிஸோ பின்டர் பாடியைச் சுமந்துகொண்டு வேறு ஒருவரிடம் இருக்கிறது. மூன்று பத்தி போடாதவர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்.

இன்ஜின் பத்தியையும் அலட்சியப்படுத்தாதீர்கள். கார் விற்காமல் தேங்கிய இன்ஜின்களை எட்டோர் 1933 முதல் ரயில் தண்டவாளத்தில் ஓடும் மோட்டார் வண்டிகளில் பொருத்தினார். வண்டிக்கு இரண்டு அல்லது நான்கு. அந்த வியாபாரம்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. விளைவு, உலகில் ராயல் கார்களைவிட ராயல் இன்ஜின்கள் அதிகமாகச் செய்யப்பட்டன. ஆகவே “என்னிடம் அசல் இன்ஜின் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், அவரிடம் ஒரு இன்ஜின் இருக்கிறது என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: எண்ணை இரும்பிலிருந்து படியுங்கள்

பெயர்ப்பலகையிலிருந்து எண்ணை எடுக்காதீர்கள். பலகை நான்கு ஆணியில் நிற்பது. அதைக் கழற்றி இன்னொரு காரில் அடிக்க அரை மணி நேரம் போதும். சட்டத்திலும் இன்ஜின் தாங்கியிலும் நேரடியாகப் பதித்த எண்ணைத் தேடுங்கள். அழுக்கையும் பெயிண்டையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து எடுக்க வேண்டும். உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ படவே கூடாது. டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பதிவின் ஆழம் தெரியும். நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செய்வதைப்போல ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படம் மறைப்பதை அந்தத் தாள் காட்டிவிடும்.

பிறகு எழுத்துருவை ஒப்பிடுங்கள். ‘4’ மேலே மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? எல்லா இலக்கமும் ஒரே ஆழமா? சுற்றியுள்ள உலோகம் மட்டும் வழுவழுப்பாக இருக்கிறதா? அப்படியிருந்தால் அங்கே முன்பு வேறு எண் இருந்து அரம் போட்டு அழித்திருக்கலாம். அதே தொழிற்சாலையின், அதே ஆண்டின், சந்தேகத்துக்கு இடமில்லாத இன்னொரு காரின் அச்சுத்தாள் பக்கத்தில் இல்லாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ராயல்களின் எண்கள் 41100, 41111, 41121, 41131, 41141, 41150. முதல் எண்ணில் ஒரு முடிச்சு இருக்கிறது. சோதனைக்காகச் செய்த முதல் காரில் 14.7 லிட்டர் இன்ஜின் இருந்தது. பாடி அமெரிக்கப் பேக்கார்டு காரிலிருந்து எடுத்து ஏற்றியது. அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக வேறு பாடிகளும் ஏறி இறங்கின. 1930களின் தொடக்கத்தில் எட்டோரே அதை ஓட்டிக்கொண்டு வரும்போது கண்ணயர்ந்து விபத்தில் சிக்கினார். எட்டோர் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்ட ‘கூபே நெப்போலியன்’ இன்று 41100 என்ற எண்ணைத் தாங்கி நிற்கிறது. நொறுங்கிய சோதனைக் காரைத் தனியாகக் கணக்கில் சேர்ப்பவர்கள் செய்யப்பட்டவை ஏழு என்பார்கள், மிஞ்சியவை ஆறு. எண் தொடர்ந்து வந்திருக்கிறது என்பதாலேயே இரும்பும் தொடர்ந்து வந்தது என்று ஆகிவிடாது. உங்கள் காரில் இந்த முடிச்சு இருந்தால் அதை அவிழ்த்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளாமல், முடிச்சு என்றே எழுதுங்கள்.

படி 3: தொழிற்சாலைப் பேரேட்டையும் முதல் விற்பனையையும் பிடியுங்கள்

எண் கையில் இருந்தால் அடுத்த வேலை எளிது. புகாட்டிக்கு இங்கிலாந்தில் பிரெஸ்காட்டில் உள்ள புகாட்டி டிரஸ்ட் வரைபடங்களையும் ஆவணங்களையும் பாதுகாக்கிறது. ரோல்ஸ்-ராய்ஸுக்கு ஒவ்வொரு சேசிஸுக்கும் எழுதிய அட்டைகள் அதன் ஆர்வலர் சங்கத்திடம் இருக்கின்றன. மெர்சிடிஸுக்கு நிறுவனத்தின் சொந்த ஆவணக் காப்பகம். டூசன்பெர்க் என்றால் ஆபர்ன் கார்டு டூசன்பெர்க் சங்கமே காரைச் சோதித்து வகைப்படுத்திச் சான்று தருகிறது. கடிதத்தில் எண், அச்சுத்தாளின் நகல், காரின் இன்றைய புகைப்படம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். “எங்கள் காரைப் பற்றி எல்லாத் தகவலும் தேவை” என்று எழுதினால் பதில் வராது. “இந்த எண் யாருக்கு, எந்தத் தேதியில், எந்தப் பட்டறைக்கு அனுப்பப்பட்டது” என்று கேட்டால் வரும்.

படி 4: பாடி கட்டிய பட்டறையைத் தேடுங்கள்

பட்டறைக்காரர்கள் தங்கள் வேலைக்குத் தனி எண் வைத்திருந்தார்கள். கதவின் அடிக்கட்டையில், இருக்கைக்குக் கீழுள்ள மரச்சட்டத்தில், கதவின் உள் விளிம்பில் அதைப் பதித்திருப்பார்கள். தோல் உறையை மாற்றும்போதுதான் பெரும்பாலும் கண்ணில் படும். ஆகவே மறுசீரமைப்புக்குக் காரைக் கொடுப்பதற்கு முன்பே பட்டறைக்காரரிடம் சொல்லிவையுங்கள், இல்லையேல் அந்த மரத்துண்டு விறகாகிவிடும். மிஞ்சியிருக்கும் ராயல்களில் மியூனிக்கின் வைன்பெர்கர், லண்டனின் பார்க் வார்டு, பாரிஸின் கெல்னர், பின்டர் என்று நான்கு வெளிப் பட்டறைகள் வேலை செய்திருக்கின்றன. பழைய படங்களைச் சேர்க்கும்போது கதவுப் பிடி, சக்கரக் காப்பின் வளைவு, ஜன்னல் எண்ணிக்கை இவற்றை ஒப்பிடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள்.

படி 5: பதிவு ஏடுகள்

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பழக்கம். பிரிட்டனில் பழைய பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர்கள் பெயர் வரிசையாக ஏறிக்கொண்டே போகும், நமது ஆர்.சி. புத்தகத்தின் மூத்த உறவினர். புத்தகம் தொலைந்திருந்தால் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பதிவேடு மிஞ்சியிருக்கிறதா என்று கேட்க வேண்டும்; எல்லா மாவட்டமும் காப்பாற்றி வைக்கவில்லை. பிரான்ஸில் 1928 முதல் 1950 வரையிலான பதிவு எண்ணில் உள்ள எழுத்துகள் எந்த மாவட்டம் என்று சொல்லிவிடும். பழைய புகைப்படத்தில் அந்தப் பலகை தெளிவாகத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

படி 6: 1939 முதல் 1945 வரை

இங்கேதான் பெரும்பாலான சங்கிலிகள் அறுகின்றன. வைர வியாபாரியின் பெட்டியைத் திறப்பதைப்போல நிதானமாக இருங்கள் என்றெல்லாம் சொல்லமாட்டேன், முரட்டுத்தனமாகச் சந்தேகப்படுங்கள். கார்களை ராணுவங்கள் கைப்பற்றின, பறிமுதல் செய்தன, அதிகாரிகள் ஓட்டிக்கொண்டு போனார்கள், சொந்தக்காரர்கள் ஒளித்துவைத்தார்கள். இவற்றில் எது நடந்தது என்பது வெறும் ஆர்வத்துக்கான கேள்வியாக நிற்பதில்லை. இன்றைய உரிமையையே அது தீர்மானிக்கும்.

ராயல்களில் விற்காமல் குடும்பத்திடமே இருந்த மூன்று கார்கள், 41100, 41141, 41150, பாரிஸுக்கு வடக்கே எர்மெனோன்வில்லில் இருந்த புகாட்டி குடும்ப இடத்தில் சுவர் எழுப்பி மறைக்கப்பட்டன. ஜெர்மானியர் கண்ணில் படாமல் போரைக் கடந்தன. உரிமை கைமாறவில்லை, சங்கிலி அறவில்லை. இது நல்ல பக்கம்.

மோசமான பக்கத்துக்கு 1935இல் செய்த ஒரு மெர்சிடிஸ் 500கே ரோட்ஸ்டரைச் சொல்லலாம். போர் முடிந்த கையோடு ஒரு ஜெர்மன் தொழிலதிபரின் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டது. பல பத்தாண்டுகள் அமெரிக்காவில் கைமாறியது. 2011இல் அங்கே ஏலத்தில் 30 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. வாங்கியவர் அதை 2012இல் எஸென் நகரக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். அந்த ஜெர்மன் மண்ணிலேயே வாரிசுகள் வழக்குப் போட்டுக் காரைப் பிடித்துவைத்தார்கள்; ஹாம்பர்க் நீதிமன்றம் வாரிசுகள் பக்கம் நின்றது. இடையில் எத்தனை பேர் நியாயமாகப் பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும், முதல் கைமாற்றம் கெட்டுப்போனால் அதன் பின்னுள்ள ரசீதுகள் அத்தனையும் ஆட்டம் காணும்.

போரோடு இந்த ஆபத்து முடிந்துவிடவும் இல்லை. 2001இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் திருடுபோன 1938 டால்போ-லாகோ கார் ஒன்று பின்னர் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அதைப் பதிவுசெய்யப் போனபோது சேசிஸ் எண் திருட்டுப் பட்டியலோடு ஒத்துப்போனது. 2020இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், உரிமை கோருபவர்கள் வழக்கைத் தொடரலாம் என்றது. பணம் கைமாறும் முன்பே திருட்டுப் பதிவேடுகளில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இந்தப் படியை மட்டும் ஒரு வழக்கறிஞரோடு சேர்ந்து செய்யுங்கள்.

படி 7: ரசீது இல்லாத கைமாற்றங்கள்

1940களிலும் 50களிலும் இந்தக் கார்களுக்கு மதிப்பே இல்லை என்பதை மனத்தில் வையுங்கள். பெட்ரோல் குடிக்கும், டயர் கிடைக்காது, நிறுத்த இடம் இருக்காது. அதனால் ஆவணம் எழுதுவோர் அக்கறை காட்டவில்லை.

மருத்துவர் யோசெஃப் ஃபுக்ஸ் வாங்கிய 41121ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வைன்பெர்கர் பாடி, கறுப்பும் மஞ்சளும். ஃபுக்ஸ் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். கார் ஐரோப்பாவிலிருந்து ஷாங்காய் வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்டதால் இன்ஜின் பிளாக் வெடித்தது. 12.7 லிட்டர் இன்ஜினுக்கு மாற்றுப் பிளாக் எங்கே கிடைக்கும்? கார் காயலான் கடைக்குப் போனது. அங்கிருந்து சில நூறு டாலருக்கு அதை எடுத்தவர் ஜெனரல் மோட்டார்ஸின் பொறியாளர் சார்லஸ் செய்ன். பிளாக்கைச் சரிசெய்து, ஒற்றைக் கார்புரேட்டருக்குப் பதில் நான்கு வைத்து, வெள்ளையும் பச்சையுமாகப் பெயிண்ட் அடித்தார். 1950களின் இறுதியில் அதை ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கே நன்கொடையாகக் கொடுத்தார். ஜெனரல் மோட்டார்ஸ்காரர் ஃபோர்டு பெயர் தாங்கிய இடத்துக்குக் கொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

இப்படிப்பட்ட காருக்கு விற்பனை ரசீதைவிடக் கப்பல் சரக்குச் சீட்டு, பழுதுபார்த்த பில், காப்பீட்டுக் கடிதம், செய்ன் மாதிரியானவர்கள் வைத்திருந்த வேலைக் குறிப்புகள் இவைதான் உதவும். குடும்பத்தாரிடம் கேட்கும்போது ‘விற்ற பத்திரம் இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். ‘அப்பா வைத்திருந்த பழைய பில் கட்டு எங்கே’ என்று கேளுங்கள்.

பண்டமாற்றும் நடந்திருக்கிறது. 1950இல் எட்டோரின் மகள் லெபே புகாட்டி, எர்மெனோன்வில்லில் இருந்த இரண்டு ராயல்களை அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாமுக்குக் கொடுத்தார். கிடைத்தது சில ஆயிரம் டாலரும், பிரான்ஸில் அப்போது கிடைக்காத இரண்டு புதிய அமெரிக்க ஃபிரிட்ஜுகளும். பணத்தொகை நூலுக்கு நூல் மாறுகிறது, ஃபிரிட்ஜ் மட்டும் எல்லாவற்றிலும் வருகிறது.

படி 8: பெருஞ்சேகரிப்பாளரின் கடிதக் கட்டு

1960களில் நிலைமை மாறியது. லாரி லாரியாக வாங்கும் சேகரிப்பாளர்கள் வந்தார்கள். அவர்களால் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு: கடிதம் எழுதித்தான் வாங்கினார்கள். அமெரிக்காவில் நெவாடாவின் சூதாட்ட விடுதி அதிபர் ஹாரா இரண்டு ராயல்களை வைத்திருந்தார். பிரான்ஸில் மியுலூஸின் ஜவுளி ஆலை முதலாளிகளான ஷ்லும்ப் சகோதரர்கள் இலினாய்ஸைச் சேர்ந்த ஜான் ஷேக்ஸ்பியரிடமிருந்து ஏறத்தாழ 30 புகாட்டிகளை மொத்தமாக வாங்கி ரயிலில் ஏற்றினார்கள். கேப்டன் ஃபாஸ்டருக்குப் பார்க் வார்டு பாடி கட்டிய 41131 அதில் ஒன்று. புகாட்டி குடும்பத்தின் கூபே நெப்போலியனும் அவர்களிடமே போய்ச் சேர்ந்தது.

1977இல் ஆலை முடங்கி, சம்பளம் இழந்த தொழிலாளர்கள் பூட்டிய கொட்டகையைத் திறந்தபோதுதான் அந்தச் சேகரிப்பின் அளவு வெளியே தெரிந்தது. சகோதரர்கள் அதற்குள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1978இல் பிரெஞ்சு அரசு அதை வரலாற்று நினைவுச் சின்னமாக அறிவித்தது. 1982இல் அருங்காட்சியகம் திறந்தது. தேடுபவருக்கு இதில் ஒரு செய்தி உண்டு. உரிமைப் பத்தியில் பெயர் மட்டும் போதாது. அரசு விதித்த கட்டுப்பாடு, ஏற்றுமதித் தடை, கடன்காரர் உரிமை ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

படி 9: ஏலப் பட்டியலை விற்பவரின் வாக்குமூலமாகப் படியுங்கள்

ஏலப் பட்டியலில் உள்ள வரலாறு அழகாக இருக்கும். எழுதியவர் காரை விற்க வேண்டியவர். அதில் வரும் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள், உரிச்சொற்களை விட்டுவிடுங்கள். விலையைக் குறிக்கும்போது ஏல நிறுவனக் கட்டணம் சேர்ந்ததா இல்லையா என்று பாருங்கள். ‘விற்கவில்லை’ என்ற முடிவும் ஒரு பதிவுதான். பெரிய தொகை கேட்கப்பட்டும் கார் கைமாறாமல் வீட்டுக்குத் திரும்புவது உண்டு. அந்தத் தொகையை விற்ற விலையாகப் பின்னால் வருபவர்கள் எழுதிவிடுவார்கள்.

படி 10: கதையைத் தனித்தாளில் வையுங்கள்

அல்பேனியா மன்னர் ஸோக் ராயல் கேட்டார், அவர் சாப்பிடும் விதம் பிடிக்காமல் எட்டோர் மறுத்துவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. நல்ல கதை. பாரிஸின் சாக்கடைச் சுரங்கத்தில் பின்டர் காரை ஒளித்துவைத்ததாக இன்னொன்று. மூன்று டன் எடையுள்ள காரை எந்த வழியாக இறக்கினார்கள் என்று கேட்டால் கதை சொல்பவர் தேநீர் ஆர்டர் செய்வார். இவற்றை எறியாதீர்கள், ஆனால் ‘கேள்விப்பட்டது’ என்று தலைப்பிட்ட வேறு தாளில் எழுதுங்கள். முதன்முதலில் எந்த ஆண்டில் அச்சில் வந்தது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். சம்பவம் நடந்து முப்பது ஆண்டுகள் கழித்து முளைத்த கதைக்கு மதிப்பெண் குறைவு.

படி 11: எழுதும் முறை

ஒவ்வொரு வரிக்கும் ஒரு தரம் கொடுங்கள். ‘அ’ என்றால் அந்தக் காலத்து ஆவணம் கையில் இருக்கிறது. ‘ஆ’ என்றால் நம்பத்தக்க பிற்காலப் பதிவு. ‘இ’ என்றால் வாய்மொழி. கெல்னர் காருக்கு ஒரு மாதிரி:

41141. பாடி: கெல்னர், மாற்றம் இல்லை.
1950 வரை: புகாட்டி குடும்பம். போர்க்காலத்தில் எர்மெனோன்வில்லில் மறைத்துவைக்கப்பட்டது. ஆ.
1950: பிரிக்ஸ் கன்னிங்ஹாம். கைமாற்றம் ஆ, ஃபிரிட்ஜ் விவரம் இ.
17 நவம்பர் 1987: லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கிறிஸ்டீஸ் ஏலம், 55 லட்சம் பவுண்டு, அன்றைய உலக சாதனை. வாங்கியவர் சுவீடனின் ஹான்ஸ் துலின். அ.
1990: ஜப்பானின் மெய்டெக் நிறுவனம். ஆ.
அதன் பிறகு: தனியார்.

நீங்கள் ஆவணத்தைப் பார்க்காமல் யாரோ சொன்னதைக் கேட்டு ‘அ’ போடக் கூடாது. மேலே உள்ள ‘அ’ ஏலப் பட்டியலும் முடிவுத்தாளும் கையில் இருப்பவருக்கே பொருந்தும். கடைசி வரியில் இன்றைய சொந்தக்காரர் பெயரைத் தோண்டி எடுத்துப் போட வேண்டிய அவசியமும் இல்லை. அவர் விரும்பினால் சொல்வார். இடைவெளி இருந்தால் ஆண்டுகளைக் குறித்து ‘ஆவணம் இல்லை’ என்று எழுதுங்கள். விவரம் தெரிந்த வாங்குபவர் இடைவெளியை மன்னிப்பார், பூசி மெழுகியதை மன்னிக்கமாட்டார்.

அசல் தாள்களை அமிலமில்லா உறையில் போட்டு வீட்டில் வையுங்கள். காரோடு பேரணிக்குப் போவது நகல் மட்டும். பென்சில் அச்சுத்தாளில் எடுத்த தேதியையும், பக்கத்தில் நின்று பார்த்த ஒருவரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.